ஆழியாறில் பார்த்த வேன் வீடும், பட்டறைக்குக் கொடுத்த ஐம்பதாயிரமும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் எடுத்துவிட்டேன். கடிதம் நீளம், அதனால் சுருக்கித் தருகிறேன்.

விடுமுறைக்கு வால்பாறை போய்விட்டு மலையிறங்கி, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் இவர்கள் காரில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் கர்நாடகா நம்பர் போட்ட வேன் ஒன்று நின்றிருக்கிறது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கிவந்து, பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப்பைக் கொடுத்து, காற்று ஏறும் நேரத்தில் இவர்களை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். கணவன், மனைவி, ஒரு பையன். இரண்டு வருடமாக வேன்தான் வீடாம். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு கட்டில், ப்ளைவுட் அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி, கூரையில் சோலார். பையன் மடக்கு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வாசகியின் ஒன்பது வயது மகள் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அழுதிருக்கிறாள்.

அன்றிலிருந்து கணவருக்கு வேறு பேச்சே இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிடுவது, வீட்டை விற்றுவிடுவது, மாமியாரை மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவது என்பது திட்டம். கரூர் பக்கம் ஒரு பட்டறையில் பழைய ஆம்புலன்ஸ் வேன் ஒன்றைப் பார்த்து, ஜிபேயில் ஐம்பதாயிரம் அட்வான்ஸும் அனுப்பியாகிவிட்டது. “பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். “எனக்கும் ஆசைதான் மேடம், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை” என்கிறார் வாசகி. இது சட்டப்படி சரியா, ஓட்ட பேட்ஜ் வேண்டுமா, இரவில் போலீஸ் வந்தால் என்ன சொல்வது, மகள் படிப்பு என்ன ஆகும் என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் ஒன்று. இப்படி வாழ ஆசைப்படுவதில் தப்பு எதுவும் இல்லை. வண்டியில் வாழக்கூடாது என்று நம் நாட்டில் சட்டமும் இல்லை. உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதுபோல “நாடோடிப் பிழைப்பு” என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்து டீ குடித்தது ஒரு மணி நேரம். அந்தக் குடும்பத்தின் ஆர்.சி. புத்தகத்தையோ இன்ஷூரன்ஸ் பாலிசியையோ நீங்கள் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. நான் மோட்டார் விபத்து வழக்குகள், அதாவது எம்.சி.ஓ.பி. பார்க்கிற வக்கீல். எனக்கு வண்டி என்றாலே அந்த இரண்டு காகிதங்கள்தான் முதலில் கண்ணில் படும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆர்.சி.யில் என்ன இருக்கிறதோ, வண்டி அதுதான்

“நம்ம சொந்த வண்டி, உள்ளே என்ன செய்தாலும் யார் கேட்பது?” என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வேறு மாதிரி சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு ஆர்.சி. விவரங்கள் முரண்படும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. கேஸ் கிட் பொருத்துவது, மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றி அமைப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றுக்கும் முறை இருக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சின்னச் சின்னப் பொருத்தல்கள் பரவாயில்லை, வண்டியின் அடிப்படை அமைப்பைத் தொடக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மீறினால் பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் ஜெயிலுக்கு யாரும் போவதில்லை, அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் சீட்டைக் கழற்றினாலே ஆர்.சி.யில் இருக்கிற இருக்கை எண்ணிக்கை பொய்யாகிவிடுகிறது. கூரையை வெட்டினால், ஜன்னலை அடைத்தால், அதைப்பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் சட்டப்படி வேன் வீடே கிடையாதா? உண்டு. ‘மோட்டார் கேரவன்’ என்றே தனி வகை இருக்கிறது. அதற்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கிறது. உட்கார இருக்கையும் மேசையும், படுக்க வசதி, சமைக்க வசதி, பொருள் வைக்க இடம், இவை வண்டியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் (மேசையை மட்டும் கழற்றி வைக்கிற மாதிரி செய்துகொள்ளலாம்). புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் அந்த மாடலைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். நம் ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. அந்தச் சான்றோடு வருகிற வண்டியை ஆர்.டி.ஓ. கேரவனாகப் பதிவு செய்வார். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து வாகனம் அல்லாத வகையில் வருகிறது. வெள்ளை போர்டுதான், பெர்மிட் தேவையில்லை.

பட்டறைக்காரரின் “பாத்துக்கறோம்” எனக்கு இடிப்பது இங்கேதான். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவர்களின் கைத்திறனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். ஆனால் நன்றாகக் கட்டுவது வேறு, சான்று வாங்கிக் கட்டுவது வேறு. தனியாக ஒரே ஒரு பழைய வண்டியை மாற்றி, அதற்கு மட்டும் சான்று வாங்குவது செலவிலும் அலைச்சலிலும் சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பல இடங்களில் நடப்பது இதுதான்: எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது பழைய சீட்டைத் திரும்ப மாட்டி பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, வெளியே வந்ததும் மறுபடி கழற்றிவிடுவது. “பாத்துக்கறோம்” என்பதற்கு இது அர்த்தமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அதிலும் நீங்கள் பார்த்திருப்பது ஆம்புலன்ஸ். அது போக்குவரத்து வாகனமாகப் பதிவாகியிருக்கும். எட்டு வயது தாண்டியிருந்தால் வருடாவருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். வகையை மாற்றுவதே தனி வேலை, அதற்குப் பிறகுதான் கேரவன் என்ற பேச்சே.

பேட்ஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கவலையை விட்டுவிடலாம். கணவரிடம் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ மொத்த எடை வரையிலான வண்டியை ஓட்டலாம். போக்குவரத்து வாகனமாக இருந்தாலும் அந்த எடைக்குள் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

மாநிலம் மாறினாலும் மறுபதிவு கேட்காத பி.எச். (பாரத்) வரிசை நம்பர் வாங்கிக்கொண்டால் எந்த மாநிலத்திலும் பிரச்சினை இல்லை என்று யாரோ சொன்னார்களாம். அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும்தான். வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவருக்குக் கிடைக்காது. சாதாரண தமிழ்நாடு நம்பரோடு வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் வராது. ஆனால் சாலைவரி விஷயத்தில் சில மாநிலங்களில் சீக்கிரமே கேள்வி வரும். எந்த மாநிலத்துக்குள் எப்போது நுழைந்தீர்கள் என்பதற்கு டோல் ரசீதோ பெட்ரோல் பில்லோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு பேச்சு

“ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டுவிடுவோம்” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஆம்புலன்ஸ் என்றோ பயணிகள் வேன் என்றோ பாலிசி போட்டுவிட்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்கிற வண்டி எரிந்து போனால், கம்பெனி முதலில் அனுப்புவது சர்வேயரை. அவர் எடுக்கிற முதல் போட்டோவிலேயே கிளெய்ம் முடிந்துவிடும். சொல்லாமல் செய்த மாற்றம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வண்டி மோதி இன்னொருவருக்கு அடிபட்டால் இன்னும் சிக்கல். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனியே பணம் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம், ஆனால் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ள அனுமதியும் கொடுக்கலாம். எங்கள் தரப்பில் ‘பே அண்ட் ரெகவர்’ என்போம். சின்னக் காயமாக இருந்தால் சமாளிக்கலாம். சம்பாதிக்கிற ஆள் ஒருவர் இறந்துவிட்டால் அந்தத் தொகை பல லட்சங்களில் நிற்கும். அப்போது வீடும் இல்லை, வேலையும் இல்லை என்றால் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஓடுகிற வண்டியில் மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு வருவாள் என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது சின்ன விஷயம். திடீர் பிரேக்கில் கட்டிலில் இருக்கும் பிள்ளை எங்கே போய் விழும் என்பதுதான் பெரிய விஷயம்.

கட்டிலுக்கு அடியில் இருந்த சிவப்பு சிலிண்டர்

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தரம் படித்தேன். “கட்டிலுக்கு அடியில் நம் வீட்டு சிலிண்டர் மாதிரியே ஒன்றை வைத்திருந்தார்கள், எவ்வளவு சாமர்த்தியம்.” சாமர்த்தியம் இல்லை சகோதரி. 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டு முகவரிக்கு, வீட்டுச் சமையலுக்குக் கொடுப்பது. வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிவதற்கானது இல்லை. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். கட்டிலுக்கு அடியில், ஜன்னல் சாத்திய வேனில், நீங்கள் தூங்குகிற இடத்துக்குக் கீழேயே தேங்கும். காலையில் ஒரு தீக்குச்சி போதும்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நடந்தது நினைவிருக்கும். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டி யார்டில் நின்றுகொண்டிருந்தது. விதியை மீறி உள்ளே வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அது ரயில் பெட்டி, கதவுகள் பல. வேனுக்கு எத்தனை கதவு?

அடுப்பு வேண்டும் என்றால் ஐந்து கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்கிலேயே அடையாள அட்டை காட்டி வாங்கலாம். அதற்கும் வண்டியின் உட்புறத்திலிருந்து முழுவதும் அடைக்கப்பட்டு, வெளிப்பக்கம் திறக்கிற தனி அறை வேண்டும். அதன் தரையில் காற்றுத் துளை இருக்க வேண்டும். சான்று பெற்ற கேரவன்களில் இதெல்லாம் யோசித்துத்தான் செய்திருப்பார்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்துவிட்டது என்று நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். இஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக்கொண்டு தூங்காதீர்கள், உள்ளே கரி அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். வாடகைக்கு எடுத்த கேரவனாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இரவில் எங்கே நிறுத்துவது

வண்டிக்குள் தூங்குவது குற்றமில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் இல்லை. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்ட வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கும் வண்டியையும் போலீஸ் இழுத்துப்போகச் சொல்லலாம். ரோந்துப் போலீஸ் கதவைத் தட்டினால் பதற்றப்படாமல், லைட்டைப் போட்டு, லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காட்டி, குடும்பமாகப் பயணம் போகிறோம், காலையில் கிளம்பிவிடுவோம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். அவர் வேறு இடம் போகச் சொன்னால் அங்கே நின்று சட்டம் பேசிப் பயனில்லை, நகர்ந்துவிடுங்கள். வக்கீலே இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், நடுராத்திரியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாதாடுவதைவிட பெட்ரோல் பங்க் வெளிச்சத்துக்குப் போய்விடுவது நல்லது.

காடு மட்டும் வேறு கணக்கு. ஆழியாறிலிருந்து வால்பாறை போகிற மலைப்பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே ஓரம் கட்டி ராத்தங்க அனுமதி இல்லை. நீங்கள் பார்த்த குடும்பம் செக்போஸ்டுக்குக் கீழே நின்றதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பந்திப்பூர் வழியாக இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி விடமாட்டார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அப்புறம் கழிவுநீர். தொட்டியில் சேர்ந்ததை ஓடையிலும் வாய்க்காலிலும் திறந்துவிடுகிறவர்களால்தான் சில கிராமங்களில் இந்த மாதிரி வண்டிகளைக் கண்டாலே விரட்டுகிறார்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வீட்டை விற்பது பற்றி

நீங்கள் இதைக் கேள்வியாகவே கேட்கவில்லை. கடிதத்தின் நடுவில் பாதி வரியில் வருகிறது: “அத்தை இவர் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீடு.” எனக்கு மொத்தக் கடிதத்திலும் கவலை தருவது இதுதான்.

மாமியார் உயிரோடு, உங்களோடு, அதே வீட்டில் இருக்கிறார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23 என்ன சொல்கிறது என்றால், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த மூத்த குடிமகனை, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் போனால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஒரு மனு போதும். 2025 ஜனவரியில் ஒரு வழக்கில், இந்தச் சட்டத்தை மூத்தவர்களுக்கு உதவும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உங்கள் பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா, எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. “அத்தை கேஸ் போடுகிற ஆள் இல்லை” என்று நீங்கள் நினைக்கலாம். மைத்துனர் வீட்டில் நாலு மாதம் இருந்தபின் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரிடம் இதுவரை யாராவது கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் என்ன சொன்னார் என்பது எங்கேயும் இல்லை.

மாமியார் விஷயம் ஒருபுறம் இருக்கட்டும், வண்டியில் வாழ்கிறவருக்கும் முகவரி வேண்டும். வண்டியைப் பதிவு செய்யவே நீங்கள் குடியிருக்கிற இடத்தைக் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, வங்கி, பாலிசி, நீதிமன்ற சம்மன் வரை எல்லாமே ஒரு கதவு எண்ணைத் தேடித்தான் வரும். வீட்டில் ஒரு பகுதியில் அத்தை இருக்க, மறுபகுதியை வாடகைக்கு விட்டால் மாதம் ஒரு தொகையும் வரும், திரும்பி வரவும் இடம் இருக்கும்.

மகள் படிப்பு: ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பின்னால் பத்தாம் வகுப்பு எழுத முடியும். இருந்தாலும் டி.சி. வாங்கிவிடாதீர்கள். முதலில் அடுத்த முழு ஆண்டு விடுமுறையில் மூன்று நான்கு வாரம் வாடகை கேரவனில் போய்ப் பாருங்கள். கேரளாவில் 2021இலிருந்து கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசு கொள்கை இருக்கிறது, வாகமனில் நிறுத்துமிடமும் இருக்கிறது. மழையில் நனைந்த துணி நாலு நாள் காயாமல் உள்ளேயே தொங்கும்போதும், வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையோடு கழிப்பறை தேடும்போதும் உங்கள் மூவருக்கும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிடித்திருந்தால், சான்றோடு விற்கிற கேரவனை வாங்கப் பாருங்கள். விலை அதிகம்தான். அவ்வளவு முடியாது என்றால் இருக்கிற காரிலேயே எதையும் கழற்றாமல், வெட்டாமல், எடுத்து வைக்கக்கூடிய மெத்தை, பெட்டி, பேட்டரி வைத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓடும்போது எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது அட்வான்ஸ் விஷயம். போனில் பேசாமல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பட்டறைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: அந்த ஆம்புலன்ஸின் ஆர்.சி., எஃப்.சி. நகல், கடன் எதுவும் நிலுவை இல்லை என்பதற்கான ஆதாரம், முடித்துக் கொடுக்கும் வண்டி ஆர்.சி.யில் ‘மோட்டார் கேரவன்’ என்று பதிவாகுமா, அதற்கு எந்தச் சோதனை நிறுவனத்தின் சான்று. வண்டி நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டு நீங்களும் சரிபாருங்கள். சான்று காட்டினால் எனக்கு அதன் நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். காட்டவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். ஜிபே பதிவும், “பாத்துக்கறோம்” என்று அவர் ஏதாவது குரல் பதிவு அனுப்பியிருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொகை கை மாறியது கணவர் கணக்கிலிருந்து என்பதால் புகார் அவர் பெயரில் இருக்கட்டும். அந்தச் செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலையும் எடுத்து வையுங்கள், அதைப் படித்த பிறகுதான் வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேச முடியும்.